மெடூசாவின் ஊதாப் பாம்புகள்

மெடூசாவின் தலையைக் காணோம் என்பது தியேட்டர் மேனேஜர் பதோவானுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. என் பேப்பர் கடை இருக்கிற இடம் அப்படி, தியேட்டரின் முன்வாசலுக்கு நேர் எதிரே. வெனிஸில் ஒரே சதுக்கத்தில் இத்தனை வருஷம் பத்திரிகை விற்றவளுக்குப் பத்திரிகை படிக்கும் அவசியமே கிடையாது.

முதலில் ஓடிவந்தவன் மேடைச் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் மொமோலோ. ஒரு காலில் செருப்பு இல்லை.

"ஃபோஸ்கா! தலை போயிடுச்சு!"

"உனக்கு அது எப்பவோ போயிடுச்சேப்பா. இன்னிக்குத்தான் கவனிச்சியா?"

"என் தலை இல்ல, மெடூசா தலை! ராத்திரி அலமாரில வச்சேன், காலைல காணோம். நாலு மணிக்கு முதல் ஷோ!"

கார்னிவலின் கடைசி ஞாயிறு அது. ஊரே முகமூடி போட்டுக்கொண்டு திரிந்தது. நான் கடைக் கதவை இறக்கினேன். 'இதோ வருகிறேன்' என்ற அட்டையை மாட்டிவிட்டு, ஓர்சோலாவை எழுப்பப் போனேன்.

ஓர்சோலா பெல்லேமோ தனியார் துப்பறிவாளர். பெரும்பாலும் அடுத்தவர் புருஷன்களைப் பின்தொடர்வாள். அவர்கள் எந்த வீட்டுக்குப் போகிறார்கள் என்று நான் முன்னாடியே சொல்லிவிடுவதால் அவளுக்கு நடை மிச்சம். எண்ணெயில் பொரித்த கார்னிவல் உருண்டைகள் ஒரு பொட்டலம் இருந்தால்தான் அவள் மூளை வேலை செய்யும். அன்று இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். மெடூசாவுக்குத் தலைமுடிக்குப் பதில் பாம்புகள். அவளை நேரில் பார்த்தவன் கல்லாகிவிடுவான். பெர்சியஸ் என்ற வீரன் கண்ணாடியில் அவள் பிம்பத்தைப் பார்த்தபடியே தலையை வெட்டுகிறான். இந்தக் கிரேக்கக் கதையை முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஆபெராவாக, அதாவது பாட்டு நாடகமாக, எழுதினார். ஒரே ஒரு கார்னிவல் ஆடிவிட்டுப் பெட்டிக்குள் போய்விட்டது. அதில் அவர் செய்த குறும்பு, வெட்டுப்பட்ட பிறகும் தலை பாடும். பெர்சியஸ் அதைத் தூக்கிப் பிடிக்க, மேடைக்கு அடியில் நின்று இசெத்தா பாடுவாள்.

இசெத்தா என் மாடி வீட்டுக்காரி. என் மகள் பிறந்த வருஷம் கோரஸில் சேர்ந்தாள். மகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது, இவளுக்கு இப்போதுதான் ஒரு தனிப்பாட்டு வாய்த்திருக்கிறது. மற்ற காட்சிகளில் அரை வரி, கால் வரி. அந்தக் கடைசிப் பாட்டு ஒன்றுதான் அவள் கண்ட சொத்து. மூன்று மாதமாக அவள் பாடிப் பழகியதில் எனக்கே மனப்பாடம்.

ஆபெராவைப் பெட்டியிலிருந்து எடுத்தவர் ரைன்ஹோல்ட், ஜெர்மனியிலிருந்து வந்த இயக்குநர். அவர் புண்ணியத்தில் மெடூசாவின் குகை ஒரு பியூட்டி பார்லர் ஆனது. பெர்சியஸின் கண்ணாடி செல்போன் ஆனது. செல்ஃபி எடுத்துக்கொண்டே வெட்டுகிறான். மேகத்தில் இறங்கவேண்டிய ஜூபிடர் லிஃப்டில் வருகிறார். ஒத்திகையில் லிஃப்ட் பாதியில் நின்று கடவுள் அரை மணி நேரம் கதவைத் தட்டினார். அதையெல்லாம் தியேட்டர்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் பச்சைப் பட்டுப் பாம்புகள் சோகையாக இருக்கின்றன என்று சொல்லி, அவற்றின் மேல் ஊதா வெல்வெட் உறை மாட்டினார் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஊதா! அதுவும் மேடையில்! கார்னிவல் முடிந்ததும் வருகிற தவக்காலத்தில் பாதிரியார்கள் உடுத்துகிற நிறம். அந்த நாற்பது நாளும் முன்காலத்தில் தியேட்டர்களைப் பூட்டிவிடுவார்கள், நடிகர்கள் பட்டினி கிடப்பார்கள். பட்டினி எப்போதோ போய்விட்டது, பயம் போகவில்லை. ஊதா கண்ணில் பட்டால் உடனே இரும்பைத் தொட்டாக வேண்டும். தியேட்டரில் எல்லோரிடமும் இரும்பு இருக்கும். ஒருத்தர் பையில் லாட ஆணி, ஒருத்தர் கழுத்தில் சாவி, பதோவான் கால்சட்டைப் பையில் கதவுக் கீல். உறை தைக்க ஒருவரும் முன்வராததால் ரைன்ஹோல்ட் தன் ஊரிலிருந்து வரவழைத்துத் தானே மாட்டினார். மொமோலோ அந்தத் தலையைக் கரி அடுப்பு இடுக்கியால் பிடித்துத்தான் அலமாரியில் வைத்தான்.

நாங்கள் போனபோது பதோவானின் அறையில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"தலை இல்லையேல் பாட்டும் இல்லை," என்றார் ரைன்ஹோல்ட். எங்கள் மொழியைப் புத்தகத்திலிருந்து கற்றவர். வாயைத் திறந்தால் அச்சடித்தே வரும்.

"கிடங்குல பழைய தலை ஒண்ணு கிடக்கு சார்," என்றார் பதோவான்.

"அது தலை அன்று. மூக்கு வைத்த பூசணிக்காய். அக்காட்சியை நான் நீக்குகிறேன். பெர்சியஸ் வாளை உயர்த்துவான், திரை விழும். இதுவே என் முடிவு."

மூலையில் இசெத்தா உட்கார்ந்திருந்தாள். அவள் கை மட்டும் கழுத்துக்குப் போவதும், எதையோ தடவித் தேடிவிட்டு வெறுமனே இறங்குவதுமாக இருந்தது. பாவம், அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்து, என்னிடமிருந்த மிட்டாயைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், சாப்பிடவில்லை.

ஓர்சோலா முதல் உருண்டையை வாயில் போட்டாள். "பதோவான், அந்தத் தலை தொலையணும்னு யாருக்கெல்லாம் ஆசை?"

"எல்லாருக்கும்தான்."

"உங்களுக்கு?"

"ராத்திரி மெழுகுவத்தி ஏத்தி வேண்டிக்கிட்டேன் சிஞோரா."

"அப்ப யாருக்கு ஆசைன்னு கேட்டுப் பிரயோஜனம் இல்ல. யாருக்கு தைரியம்னுதான் கேக்கணும். அந்த நிறத்த கையால தொட்டவங்க யாரு?"

எல்லோரும் ரைன்ஹோல்டைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார்.

ஒத்திகைச் சத்தம் தாங்காத பின்பக்கத்து ஓட்டல்காரர்கள் படகில் வந்து கடத்தியிருப்பார்கள் என்பது பதோவானின் கட்சி. ஓர்சோலா சாமான் அறை ஜன்னலைத் திறந்து கீழே காட்டினாள். கார்னிவல் நாட்களின் வற்றுநீர். கால்வாயில் சேறுதான் இருந்தது, அதில் ஒரு படகு குடிகாரனைப்போல் ஒருக்களித்துக் கிடந்தது.

"நேத்து ராத்திரிலேர்ந்து இதே கதிதான். படகு வந்திருந்தா தோள்ல தூக்கிட்டுத்தான் வந்திருக்கணும். முன்வாசல்?"

"ராத்திரி பூட்டியிருந்துச்சு, காலைல திறந்ததுலேர்ந்து நான் எதிர்லயே இருந்தேன்," என்றேன். "ஒரு தலையும் வெளிய போகல. ஒழுங்கான தலை எதுவும் உள்ள போகவும் இல்ல."

"அப்ப பின்முற்றத்துக் கதவுதான் பாக்கி. அது எங்க போகுது?"

"தேவாலயத்துக்கு."

அலமாரிக் கதவின் கொக்கியில் ஒரு நூல் மாட்டியிருந்தது. ஓர்சோலா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஊதா. பின்னால் நின்ற மொமோலோ சட்டென்று லாட ஆணியைப் பிடித்துக்கொண்டான்.

"வெல்வெட்ல இருந்து வந்திருக்கும்," என்றேன்.

"வெல்வெட்ல இவ்ளோ தடி நூல் ஏதுடி? இது வேற துணி. உள்ள இன்னொரு ஊதா வந்திருக்கு."

எங்கள் வட்டாரத்தில் ஊதா உடுத்துகிற ஆம்பளை ஒருத்தர்தான். அவர் இந்த நாடகத்தைப் பற்றி மூன்று ஞாயிறு பிரசங்கத்தில் திட்டியும் இருந்தார். நான் ஏறக்குறைய ஓடினேன். ஒரு பாதிரியாரைக் கையும் களவுமாகப் பிடிக்கிற பாக்கியம் பேப்பர் கடைக்காரிக்கு எத்தனை தடவை கிடைக்கும்?

தோன் பிளாச்சிதோ பூசை அறையில் தவக்கால அங்கிகளை உதறிக்கொண்டிருந்தார்.

"வாம்மா ஃபோஸ்கா. பாவமன்னிப்பா? உக்காரு, உனக்குன்னா சாயங்காலம் ஆயிடும்."

"உங்க பாவத்தப் பத்திப் பேச வந்திருக்கோம் ஃபாதர்," என்றேன்.

ஓர்சோலா நூலை நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த அங்கியின் விளிம்பை அவள் விரலில் வைத்தார்.

"இது பட்டு. உன் கையில இருக்கறது கம்பளி. கம்பளி போட்டா எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அரிப்போட யாராவது திருடப் போவாங்களா?"

"ஆனா நாடகத்தைத் திட்டினீங்களே?"

"திட்டினாத்தானே கூட்டம் வரும்? பதோவான்தான் கேட்டுக்கிட்டார். மூணாவது வரிசைல டிக்கெட்டும் கொடுத்தார்." அவர் கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை. "அது மட்டுமா, காலைல உங்க ஆளுங்க இங்கயும் வந்து தேடிட்டாங்களே! பாவமன்னிப்புக் கூண்டுக்குள்ள பார்த்தாங்க. பீடத்துக்கு அடியில பார்த்தாங்க. என் சமையல்காரம்மாவோட சூப் பானைய திறந்து கரண்டி விட்டுக் கிளறிப் பார்த்தாங்க."

"இந்த அலமாரில?" என்று கேட்டாள் ஓர்சோலா.

"இதுல பார்க்கலயே. மொமோலோ கதவைத் திறந்தான், இந்த அங்கிகளைப் பார்த்தான், 'ஐயோ'ன்னு சாத்திட்டான். பூட்டைத் தடவிக்கிட்டே ஓடினான்."

ஓர்சோலா மெல்வதை நிறுத்தினாள். அவள் மெல்வதை நிறுத்தினால் யாருக்கோ கெட்ட காலம்.

"ஃபோஸ்கா, தியேட்டர்காரங்க ஒரு பொருளத் தேடறாங்க. அவங்க கை படாம இருக்கணும். எங்கடி ஒளிப்ப?"

"அவங்க கை வைக்காத..." என்று ஆரம்பித்தவள் அங்கிகளைப் பார்த்தேன். "ஊதாவுக்குள்ள!"

"எதுக்கும் இந்த அங்கிகளுக்குப் பின்னாடி பார்த்துடறேன் ஃபாதர்." கையை விட்டுத் துழாவினாள். கிடைத்தது ஒரு பாட்டில் திராட்சை மது.

"அது இருமலுக்கு," என்றார் தோன் பிளாச்சிதோ.

திரும்பி நடக்கும்போதே ஓர்சோலா மொமோலோவைப் பிடித்தாள்.

"எல்லா இடமும் தேடினியா?"

"எல்லா இடமும் சிஞோரா. எலிப்பொறி கூட விடல."

"டைரக்டர் ரூம்?"

"தேடினேன். மேஜை, கட்டில், பீரோ..."

"பீரோ மேல?"

மொமோலோ தன் செருப்பில்லாத காலைப் பார்த்தான். "மேல ஒரு பை இருக்கு."

"என்ன கலர்?"

"அந்தக் கலர்," என்றான், வாயால்கூடத் தொட விரும்பாமல்.

ரைன்ஹோல்டின் அறை இசெத்தாவின் ஒப்பனை அறைக்கு அடுத்தது. கதவு பூட்டுவது அவர் கொள்கைக்கு விரோதம். நாங்கள் போவதற்குள் பாதித் தியேட்டர் பின்னால் வந்துவிட்டது. பீரோ மேல் ஊதாக் கம்பளியில் ஒரு பெரிய பயணப் பை.

"அது வெறுமையானது," என்றார் ரைன்ஹோல்ட். "இவ்வூருக்கு வந்த நாள்முதல் நான் அதைத் திறக்கவே இல்லை."

ஓர்சோலா நாற்காலியில் ஏறி இறக்கினாள். அவள் மீனவக் குடும்பம், மேடை பயமெல்லாம் கிடையாது. அவர்கள் பயப்படுவது வேறு எதற்கெல்லாமோ. பையைத் திறந்தாள்.

மெடூசா எங்களைப் பார்த்தாள். கல்லானது பதோவான்தான். அப்புறம் அவருக்குக் குரல் வந்தது.

"நீங்களே ஒளிச்சு வச்சிட்டு நாடகமா ஆடறீங்க? விளம்பரத்துக்கா?"

"நான் செய்யவில்லை! இது அபாண்டம்!"

"அபாண்டமாம்! எங்கள எலிப்பொறி வரைக்கும் தேட விட்டுட்டு!" என்று மொமோலோ பாய்ந்தான். பின்னால் யாரோ எறிய முட்டை வாங்கி வரட்டுமா என்று கேட்டார்கள். சேறு இலவசமாகவே இருக்கிறது என்றேன் நான்.

அந்தச் சத்தத்தில் ஓர்சோலா தலையைத் தூக்கி மேஜை மேல் வைத்தாள். பைக்குள் இன்னொரு தடவை கையை விட்டாள். வெளியே வந்தபோது கை மூடியிருந்தது. இருபது பேர் இருந்த அறையில் அதைப் பார்த்தது நான் ஒருத்திதான். என் கண்ணுக்குக் கூலி கிடையாது, அதுவே ஒரு அநியாயம்.

"எல்லாரும் வெளிய," என்றாள். "ஃபோஸ்கா, நீ இரு."

கதவு சாத்தியதும் ரைன்ஹோல்ட் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் நிரபராதி என்று தாங்கள் அறிவீர்கள் அல்லவா?"

"தெரியும் சார். திருடத் தெரிஞ்ச எவனும் சொந்தப் பையில வைக்க மாட்டான்."

"எனில், அவர்களிடம் கூறுங்கள்!"

"கூறலாம். அப்ப யாருன்னு கேப்பாங்க. இன்னிக்குள்ள அதெல்லாம் முடியாது. அதுவரைக்கும் இந்தம்மா சும்மா இருக்கணும்." என்னைக் காட்டினாள். "பேப்பர் நாளைக்குக் காலைலதான் வரும். இவ இப்பவே வருவா."

என்னிடமிருந்ததில் நல்ல சிரிப்பாக ஒன்றைச் சிரித்தேன்.

"நான் என்ன செய்ய வேண்டும்?"

"உறையக் கழட்டுங்க. பச்சைப் பாம்போட தலை மேடைக்குப் போகட்டும். பாட்டு பாட்டாவே இருக்கட்டும். யாரோ பத்திரமா எடுத்து வச்சிட்டு மறந்துட்டாங்கன்னு நான் வெளிய சொல்லிடறேன்."

"ஊதா மரணத்தின் நிறம். அதற்காகவே அதைத் தேர்ந்தேன்."

"செத்த தலை சரி சார். அதுக்கு அடியில நின்னு பாடறவ உயிரோட இருக்கணுமே. அந்த நிறத்துக்குக் கீழ அவளுக்கு மூச்சு எப்படி வரும்? அத யோசிச்சீங்களா?"

ரைன்ஹோல்ட் கெட்டவர் இல்லை, யாரும் அவரிடம் எதையும் நேரே சொன்னதில்லை, அவ்வளவுதான். எழுந்து ஒவ்வொரு பாம்பாக உரித்தார். உரித்ததைச் சுருட்டி ஜன்னல் வழியே கால்வாயில் வீசினார். தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. சேறு 'சப்' என்றது.

நடைபாதையில் ஓர்சோலா என் உள்ளங்கையில் எதையோ வைத்தாள். துருப்பிடித்த இரும்புச் சாவி. அறுந்த சிவப்பு நாடா. எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி. இதை வைத்து நானே இசெத்தாவை எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறேன்!

"ஐயோ," என்றேன். "தொண்டை கட்டலையா அவளுக்கு?"

"மிட்டாய் கொடுத்த மகராசி. போ, உள்ள போ."

இசெத்தா கண்ணாடி முன் இருந்தாள். சாவியைப் பார்த்ததும் அவள் முகத்தில் பூசிய மாவுக்குள்ளே இன்னொரு வெளுப்பு வந்தது.

"போலீஸா?"

"போலீஸும் இல்ல ஒண்ணும் இல்ல. ஏன்டி இப்படிப் பண்ணின? பாட்டு போனா உனக்குத்தானே நஷ்டம்?" என்றேன்.

"பாட்ட வெட்டுவான்னு யாருக்குத் தெரியும்?" "பழைய தலையை வச்சுப்பாங்கன்னு நினைச்சேன். என் ஆயுசுக்கு ஒரு பாட்டு கிடைச்சிருக்கு ஃபோஸ்கா. அத அந்தச் சனியனுக்கு அடியில நின்னு பாடவா? ராத்திரி அவன் ரூம்ல இல்லாத நேரம் பார்த்து, சாவிய ஒரு கையில இறுக்கிப் புடிச்சேன், இன்னொரு கையால அவன் பைய இழுத்துட்டுப் போய் தலையத் தள்ளினேன். அப்ப நாடா அறுந்து சாவி உள்ள விழுந்துடுச்சு. திரும்ப அதுக்குள்ள கைய விட தைரியம் வரல. காலைல அவன் பாட்ட எடுத்துட்டேன்னு சொன்னான். ஒத்துக்கிட்டா என்னையே எடுத்துடுவாங்க. என்ன பண்றதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன்."

"இப்ப பச்சையாச்சு," என்றாள் ஓர்சோலா. "பாட்டும் இருக்கு. ஒரே ஒரு நிபந்தனை."

"என்ன?"

"நல்லா பாடித் தொலை. எனக்கு ரெண்டு பொட்டலம் ஆறிப்போச்சு."

நான்கு மணிக்குத் திரை ஏறியது. லிஃப்ட் நிற்கவில்லை. மூன்றாவது வரிசையில் தோன் பிளாச்சிதோ கறுப்பு அங்கியில் சாதுவாக உட்கார்ந்திருந்தார். செல்ஃபி எடுத்தபடி பெர்சியஸ் வாளை வீசியபோது சிலர் சிரித்தார்கள். பச்சைத் தலை மேலே எழுந்து, அடியிலிருந்து இசெத்தாவின் குரல் வந்ததும் சிரிப்பு நின்றது. 'என்னைப் பார்க்கப் பயந்தவனே, என்னைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறாய்?' என்று அந்தத் தலை கேட்டது. மூன்று மாதமாக மாடியிலிருந்து கேட்டு, துடைப்பத்தால் கூரையை இடித்து நிறுத்தச் சொன்ன அதே பாட்டுதான். அன்று எனக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் ஓர்சோலாவின் கையில் உருண்டை பாதிக் கடியோடு நின்றிருந்தது. முடியும்வரை அவள் மெல்லவே இல்லை.

கைதட்டலில் கூரைத் தூசி விழுந்தது. ரைன்ஹோல்ட் இசெத்தாவை மேடைக்கு அடியிலிருந்து கையைப் பிடித்துத் தூக்கி முன்னால் நிறுத்தினார்.

விருந்துக்குப் படகில் போவதாக ஏற்பாடு. அதற்குள் தண்ணீர் ஏறிப் படகுகள் மிதக்க ஆரம்பித்திருந்தன. பாலத்தின் மேல் முகமூடிக் கூட்டம் பாடகர்களைப் பார்க்க நின்றது. பதோவான் நீர்வாசல் கதவைத் திறந்து, "வாங்க, வாங்க!" என்று ஓரடி வைத்தவர் அப்படியே பின்வாங்கினார்.

கடைசிப் படியில், படகுக்கும் எங்களுக்கும் நடுவே, அந்த ஊதா வெல்வெட் ஈரமாக விரிந்து கிடந்தது.

ஜூபிடர் லாட ஆணியை எடுத்தார். பெர்சியஸ் என்ற மாவீரன் கோரஸ்காரிகளுக்குப் பின்னால் போய் நின்றான். தண்ணீர் ஏறி அதை அடித்துக்கொண்டு போகும்வரை காத்திருப்பது என்று முடிவானது.

இசெத்தாவுக்கு மட்டும் அந்தப் பயம் ஒரே நாளில் விட்டுப்போயிருந்தது. ஊதாவைத் தொட்டாள், இடி விழவில்லை, ஊரே கைதட்டியது. பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு படியில் இறங்கக் காலை எடுத்துவிட்டாள். அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்த மொமோலோவின் நெற்றி மெதுவாகச் சுருங்கியது. யாருக்கு தைரியம் என்று ஓர்சோலா காலையில் கேட்டது அவன் காதிலும் விழுந்ததுதானே?

ஓர்சோலா இசெத்தாவின் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"நில்லுடி. நீ பயப்படற," என்றாள் பல்லைக் கடித்தபடி.

இசெத்தா ஒரு நொடி விழித்தாள். அடுத்த நொடி, மறுபடி நாடாவில் முடிந்து மாட்டியிருந்த கழுத்துச் சாவியை இரண்டு கையாலும் பற்றி, கண்ணை மூடி, ஒரு அலறல் அலறினாள். கால்வாய்ச் சுவர்கள் எதிரொலித்தன, புறாக்கள் பறந்தன, மொமோலோவே பயந்து ஆணியைத் தண்ணீரில் போட்டுவிட்டான்.

பாலத்தின் மேலிருந்த கூட்டம் அதையும் நாடகத்தில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டியது. நாங்களும் தட்டினோம்.